வாடகைக் காது

கருத்தரங்க மண்டபத்து வாசலில் பதிவு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், மேசை மைக்கில், "பேரு?" என்றார். பூங்கோதை யோசிக்காமல், "முனைவர் தனகோபால்" என்றாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி புடவையும் கைப்பையுமாக வந்து தன்னைத் தனகோபால் என்று சொல்வது அந்த மேசைக்குப் பழகிப்போன விஷயம். பெயர்களின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "தனகோபால்னு யாரும் இல்லையே" என்றார். அப்போதுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க சார். அது போன வாரம். இன்னிக்கு என் சொந்தப் பேருதான். பூங்கோதை. கட்டுரை படிக்க வந்திருக்கேன்."

இப்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க காதுக்காரங்கதான? உங்கள அடிக்கடி பாத்திருக்கேனே. நீங்களே பேசப்போறீங்களா?"

"ஆமா சார்."

"எப்ப?"

"சாப்பாட்டுக்கு அப்புறம், மொதல் ஆள்."

அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. பெயர் அட்டையையும் பையையும் எடுத்துக் கொடுத்தார். தன் பெயரைத் தானே கழுத்தில் மாட்டிக்கொள்வது அவளுக்கு யாருடைய செருப்பையோ மாற்றிப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

காதுக்காரர்கள் என்பது ஊர் வைத்த பெயர். ஒப்பந்தத்தில் 'பதிலிக் கேட்பாளர்' என்று கௌரவமாக இருக்கும். இந்தத் தொழில் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். முன்பெல்லாம் கருத்தரங்கத்துக்கு வருகிறவர்கள் காலையில் குத்துவிளக்கு ஏற்றும்வரை இருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு, வந்ததோடு வந்ததாக மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் சான்றிதழுக்குச் சரியாக வந்து நிற்பார்கள். பேசுகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்து, 'அவையோர்க்கு வணக்கம்' என்பார். இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன கல்விப் பேரவை கவனப் பட்டையைக் கொண்டுவந்தது. நெற்றியில் கட்டிக்கொண்டால், மனம் பேச்சில் நிற்கிறதா, எங்காவது மேயப் போய்விட்டதா என்று அது சொல்லிவிடும். கண்ணை அகலமாக விரித்து வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்தை யோசித்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். கவனம் சேர்ந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் சேர்ந்தால்தான் பதவி உயர்வு என்று ஆயிற்று.

பேராசிரியர்கள் கொஞ்ச காலம் திண்டாடினார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். பட்டை மனத்தைப் பார்க்கிறதே தவிர, அது யாருடைய மனம் என்று பார்ப்பதில்லை. அந்தரங்கச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்புறம் என்ன, ஆள் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். முனைவர் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு ஊரில் பஞ்சமா? புரியாததையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் பயிற்சி அவர்களுக்குத்தான் இருந்தது.

பூங்கோதை உளவியலில் பட்டம் வாங்கியவள். எட்டு வருடமாகக் கேட்கிறாள். நெற்பயிர் நோய், நானோ துகள், பானை ஓடு, வங்கி இணைப்பு என்று கேட்காத விஷயம் இல்லை. எது நல்ல பேச்சு, எது செத்த பேச்சு என்று வாயைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கிறவர், நன்றி சொல்லியே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறவர், 'நேரமின்மையால் இதைத் தாண்டிச் செல்கிறேன்' என்று எந்தப் படத்துக்காக எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்களோ அதையே தாண்டிப்போகிறவர், அத்தனை பேரையும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். நல்ல பேச்சோ கெட்ட பேச்சோ, கேட்டால்தான் கூலி. மாலையில் பட்டையைக் கழற்றும்போது தலைக்குள் யாரோ பகல் முழுக்கத் துணி துவைத்தது போல இருக்கும்.

இன்று அவள் பேச வேண்டும். தலைப்பை வேண்டுமென்றே தூக்கம் வரும்படி வைத்திருந்தாள். 'நீடித்த பதிலிக் கேட்டலும் இல்லக் குரல்களும்.' விஷயத்தைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தால் தேர்வுக் குழு வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும்.

சாப்பாட்டு வரிசையில் யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். ரெஜினா. காதுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இப்படித்தான். கையைப் பிடிக்காமல் பேசினால் எதிரில் இருப்பவர் மனத்தில் ஏறாது. பிடித்தால் நாலு வாக்கியம் தாங்கும். பிறகு விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். வெளியாள் பார்த்தால் என்ன ஒரு பாசம் என்று நினைத்துக்கொள்வான்.

ரெஜினா இவளோடு ஒரே சமயத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவள். படித்தது தாவரவியல். பாலக்கரையில் வயதான அப்பாவோடு இருக்கிறாள். இன்று அவள் கழுத்து அட்டையில் 'முனைவர் கதிரேசன்' என்று இருந்தது.

"நீ என்ன படிக்கப்போறேன்னு செல்வமணி சாருக்குத் தெரிஞ்சுபோச்சு கோதை" என்றாள். செல்வமணி அவர்களுக்கு வேலை பிடித்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரர். "காலையில எங்க எல்லாரையும் நிக்க வச்சு மைக்குல பேசிட்டாரு. மத்தியானம் யாரும் உன்னக் கேக்கக் கூடாதாம்."

பூங்கோதைக்கு உடனே புரிந்தது. மண்டபத்தில் இருக்கும் அத்தனை பட்டைகளின் கவனமும் மேடைக்கு மேலே ஒரு விளக்கில் தெரியும். விளக்கு பச்சையில் இருக்கும்வரை பேசலாம். சிவப்புக்குப் போய் நின்றுவிட்டால் மைக் தானாக அணைந்துவிடும். கட்டுரை படிக்கப்படவில்லை என்று பதிவாகும். மதிய அமர்வில் உட்காரப்போகிறவர்கள் அனேகமாக எல்லாருமே செல்வமணியின் ஆட்கள்.

"நீயும் கேக்க மாட்டியா?"

ரெஜினா பிடியை விட்டு மறுபடி பிடித்தாள். "மாட்டேன். முதுகுக்குப் பின்னாடி பண்ணப் பிடிக்கல, அதான் சொல்லிட்டேன். இந்தத் தொழில் ஆளக் கெடுக்குதுன்னு நீ சொல்லுவ, பேரவை தடை போடும். இந்த வயசுல என்னை எந்தக் காலேஜ்ல கூப்புடுவான்?"

"நான் சொல்றது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா."

"உங்கப்பா கூப்புடுறது உனக்குக் கேக்குதா ரெஜினா?"

ரெஜினா பதில் சொல்லவில்லை. கேள்வி ஏறாமல் போயிருக்கலாம். பதில் சொல்லப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம். கையை விட்டுவிட்டு, தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்படியே பச்சையில நின்னாலும், கேள்வின்னு ஒன்னு பதிவாகணும். அப்பதான் பேரவைக்குப் போகும். நாங்க கேக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். காதுக்காரர்கள் கேள்வி கேட்கக் கூடாது. நடைபாதையில் இருக்கும் மைக்கில் வாயைத் திறந்தால், அது பட்டைக்குச் சொந்தக்காரர் பெயரில் ஏறிவிடும். அன்றோடு வேலை போகும். ஆகவே எந்தக் கருத்தரங்கத்திலும் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அமர்வுத் தலைவரே ஒப்புக்கு, 'இந்த ஆய்வின் எதிர்காலப் பயன் யாது?' என்று ஒன்றைக் கேட்டு முடித்துவைப்பார்.

"தலைவர் யாரு இன்னிக்கு?"

"செல்வமணி சாரோட சம்பந்தி" என்றாள் ரெஜினா.

பூங்கோதைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை, வந்தது அலுப்புதான். "சரி, நீ ஒழுங்கா சாப்புடு" என்றாள். அதற்குள் பிடி விட்டுப்போயிருந்தது.

விட்டுத்தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் அவள் புருஷன் வேலாயுதம்.

வேலாயுதம் புத்தூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். போன வருடம் ஒரு நாள் சாயங்காலம் வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ம்ம்" என்றாள். அவர் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெளியூரில் ஏதோ திருவிழாவுக்குப் போயிருக்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சில நாள் கழித்து, ஒரு கல்யாண ஆர்டருக்காகக் கூடத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." அடுப்படியில் இருந்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படித் திரும்பிப் பார்த்து வருடக் கணக்காகியிருந்தது. வேலாயுதம் மைக்கோடு அப்படியே நின்றார். பிறகு அதே மைக்கில், அதே சோதனைக் குரலில் சொன்னார்.

"கோதை. போன வாரம் எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. உன்கிட்டதான் மொதல்ல சொன்னேன். நீ ம்ம்னு சொன்ன."

ஒரு சொல் விடாமல் ஏறியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அழுத அழுகையை இன்னும் முழுதாக அழுது முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் மைக்கில்தான். சின்ன ஒலிபெருக்கி ஒன்று சாமி படத்துக்குக் கீழேயே குடியிருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது என்பதையும் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். அவள் மட்டும் சும்மா இருக்கவில்லை. சக காதுக்காரர்களின் பழைய பட்டைப் பதிவுகளைத் திரட்டினாள், வீடு வீடாகப் போய்ப் பேசினாள். எல்லா வீட்டிலும் ஒரே கதை. மேடையிலிருந்து மைக்கில் வருவது ஏறுகிறது. வீட்டில் கூப்பிடும் குரல் ஏறுவதில்லை. அதற்குத்தான் இல்லக் குரல் என்று பெயர் வைத்தாள்.

மதிய அமர்வு தொடங்கியபோது மண்டபம் நிறைந்திருந்தது. செல்வமணியின் சம்பந்தி அவளை அறிமுகம் செய்துவைத்தார். அவருடைய மைக் பழுது போலிருக்கிறது. வாய் அசைந்தது, விளக்கு மஞ்சளுக்கு இறங்கி சிவப்பை எட்டிப் பார்த்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி. பூங்கோதை மேடை மைக்கின் முன்னால் போய் நின்றாள். அவையோர்க்கு, துறைத் தலைவருக்கு, நெறியாளருக்கு என்று எதையும் ஆரம்பிக்கவில்லை.

"போன வருஷம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. என்கிட்ட சொன்னார். எனக்குக் கேட்கவில்லை."

விளக்கு பச்சைக்குத் தாவியது.

அவள் ரெஜினாவைப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவர் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி உள்ளங்கையில் பேனாவால் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருக்கப் பார்த்தார்கள். விளக்கோ அசையாமல் முழுப் பச்சையில் நின்றது.

அவர்கள் செல்வமணியின் பேச்சை மீறவில்லை என்று பூங்கோதைக்குப் புரிந்தது. அவர்களால் முடியவில்லை. மைக்கில் ஒரு குரல் வந்தால் மனம் தன்னால் எழுந்து போய்விடுகிறது. அவள் படத்திலும் கட்டத்திலும் போட்டு நிரூபிக்கப் பார்த்தது அத்தனையும் எதிரில் உட்கார்ந்திருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தலைமுடியைப் பிடித்து ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டு நிற்பது போல இருந்ததால் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் பேசினாள். நன்றாகவே பேசினாள்.

கடைசிக்கு முந்தின படம் வந்தது. 'மீட்சி' என்று தலைப்பு மட்டும் இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. தொழிலை விட்டவர்களுக்கு இது சரியாகுமா என்று அவளுக்குத் தெரியாது. விட்டவர்கள் யாரும் இல்லை. தெரியாது என்று மேடையில் நின்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

"நேரமின்மையால் இதைத் தாண்டிச் செல்கிறேன்" என்றாள்.

பேச்சு முடிந்தது. தலைவர் எழுந்து கையை விரித்து மண்டபத்தைப் பார்த்தார். கேள்வி நேரம். நடைபாதை மைக் தனியாக நின்றது. பூங்கோதை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரெஜினா எழுந்து நின்றிருந்தாள். புடவையைச் சரிசெய்யவோ, பஸ்ஸுக்குக் கிளம்பவோ. உதடுகள் இன்னும் அசைந்துகொண்டுதான் இருந்தன. ஜெபமாலை முடியவில்லை போலிருக்கிறது. பூங்கோதை அவளைப் பார்த்துச் சிரித்தாள். உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். ரெஜினா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் பொன்னாடையைச் சுற்றியிருந்த தாளைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அதற்குள் யாரோ அவருடைய மைக்கைச் சரிசெய்துவிட்டார்கள். "கேள்விகள் ஏதும் இல்லாததால் அடுத்த கட்டுரைக்குச் செல்வோம்" என்று கணீரென்று வந்தது. ஒப்புக்குக் கேட்கும் கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை. 'படிக்கப்பட்டது, விவாதிக்கப்படவில்லை' என்று பதிவாயிற்று. அது அங்கேயே கிடந்து மட்கும்.

தேநீர் இடைவேளையில் ரெஜினாவைத் தேடினாள். கையைப் பிடித்துக் கேட்டதில், போய்விட்டாள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலாயுதம் சின்ன மைக்கை எடுத்தார். "என்ன ஆச்சு?"

"பச்சையிலயே நின்னுச்சுங்க. கேள்விதான் வரல."

கருத்தரங்கத்திலிருந்து பேச்சின் ஒலிப்பதிவு அவள் போனுக்கு வந்திருந்தது. அவர் அதைப் பெரிய ஒலிபெருக்கியில் மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். நெஞ்சு வலி வந்த இடத்தில் மட்டும் தரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தபோது கையை உயர்த்தினார். கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி வைத்தார்.

"யாரோ பேசுறாங்களே" என்றார் மைக்கில்.

"யாரும் பேசலங்க. நான் அங்கதான நின்னேன்."

அவர் குமிழைத் திருகினார். மின்விசிறி இரைச்சலும் தாள் சரசரப்பும் பெரிதாயின. அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"கோதை. இது திரும்ப வருமா? நான் இந்தத் தொழில விட்டுட்டா, எங்கப்பா கூப்புடுறது எனக்குக் கேக்குமா?"

பிறகு மின்விசிறி. யாரும் பதில் சொல்லவில்லை. யாருடைய நாற்காலியும் திரும்பிக் கிரீச்சிடவில்லை. "கோதை" என்று இன்னொரு முறை கூப்பிட்டது குரல். மறுபடி மின்விசிறி. அதற்குப் பிறகு, கேள்விகள் ஏதும் இல்லாததால் அடுத்த கட்டுரைக்குச் செல்வோம்.

அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பூங்கோதைக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதை மைக்குக்குப் போயிருந்தால் கதிரேசன் பெயரில் ஏறியிருக்கும், வேலை போயிருக்கும். அதனால்தான் ரெஜினா இருந்த இடத்திலேயே எழுந்து, வெறும் குரலில் கேட்டிருக்கிறாள். கேட்டுப் பிழைக்கிறவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தும் ஒரு தலை திரும்பவில்லை. ஆய்வு செய்தவளின் தலையும்தான். இந்தப் பதிவை அனுப்பினால் பேரவை கட்டுரையை ஒதுக்க முடியாது. கேள்வியும் இதில் இருக்கிறது, நிரூபணமும் இதில் இருக்கிறது. ஆனால் ரெஜினாவின் குரலைச் செல்வமணி அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

வேலாயுதத்தின் உதடு அசைந்தது. மைக் மேசை மேல் இருந்தது. பூங்கோதை எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வண்டிய எடுக்கட்டுமான்னு கேட்டேன்."

பாலக்கரை வீட்டில் ரெஜினாவின் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பி ஏதோ கூப்பிட்டார். உள்ளே ரெஜினா அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. பூங்கோதை நேராகப் போய் அவளுடைய ஈரக் கையைப் பிடித்தாள். வழியெல்லாம் நாலு வாக்கியத்துக்குள் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீ கேட்டது ஒலிப்பதிவுல எனக்கு இப்பதான் கேட்டுச்சு. பதில் எனக்குத் தெரியாது, அந்த வெக்கத்துலதான் அந்தப் படத்தத் தாண்டிட்டேன். அதப் பேரவைக்கு அனுப்பினா வேற யாராச்சும் பதில் தேடுவாங்க, ஆனா உன் வேலை போயிரும். அனுப்பட்டுமா?"

வாசலில் அப்பா மறுபடி வாயசைப்பது பூங்கோதையின் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கள் இருவரில் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. ரெஜினா கையை விடுவித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, இந்த முறை தானே பூங்கோதையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேரவைக்குக் கேக்குற மாதிரி என் குரல் அதுல தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு" என்றாள் பூங்கோதை.